அம்மாவுக்கு வெச்சா கரண்ட், வெங்காயத்துக்கு வெச்சா விஷமா?

போன வெள்ளிக்கிழமை ஒரே நாளில் என் வாட்ஸ்அப் குழுவிலிருந்து 11 பேர் வெளியேறிட்டாங்க. மொத்தம் 43 பேர் இருந்த குழு. எல்லாரும் சென்னையில இருக்கிறவங்க. நாலு வருஷமா எங்கிட்ட நேரடியா சின்ன வெங்காயம், நிலக்கடலை, கம்பு வாங்குறவங்க. அதில் ரெண்டு பேர் குடும்பத்தோட எங்க வீட்டுக்கு வந்து கிணத்துல குளிச்சு, கம்பங்கூழ் குடிச்சுட்டுப் போனவங்க.

நடந்தது இதுதான். யாரோ ஒருத்தர் ஒரு வீடியோ போட்டாங்க. வெங்காயத்தை ரெண்டா வெட்டிக் காட்டுறாங்க, நடுவுல குருத்து கறுத்திருக்கு. "இது காமா கதிர் அடிச்ச வெங்காயம், அணுக்கதிர் உங்க வீட்டுச் சாம்பாருக்குள்ள வந்துடுச்சு, கேன்சர் வரும், எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு ஒரு குரல். கீழேயே ஒரு அம்மா கேட்டாங்க: "அண்ணா, நீங்க அனுப்புறது அப்படி இல்லையே?"

நான் உள்ளதைச் சொன்னேன். "இல்லைங்கம்மா. என் வெங்காயத்துக்கு அடிக்கலை. ஆனா அடிக்க வழி இருந்தா, விக்கிற வெங்காயத்துக்குக் கண்டிப்பா அடிச்சிருப்பேன்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள 11 பேர் காணோம். ஒருத்தர் மட்டும் போறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதினாரு: "உங்களை நம்பினோமே அண்ணா."

அந்த ஒரு வரி ரெண்டு நாளா தூங்க விடலை. அதனாலதான் இந்தப் பதிவு. போனவங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். கோபம் இருக்கு, மறைக்கலை. ஆனா கோபத்தை விட கணக்கு முக்கியம். முதல்ல கணக்கைச் சொல்லிடறேன்.

மாசியில வெங்காயம் பிடுங்கினப்ப விலை கிடந்த கிடப்புக்கு, பறிக்கிற கூலி கூடக் கட்டாது போல இருந்துச்சு. அதனால 60 மூட்டையைப் பட்டறையில போட்டேன். பட்டறைன்னா கொல்லுப்பட்டறை இல்லைங்க. கல்லு மேல குச்சி பரப்பி, சுத்தி தட்டி கட்டி, மேல கூரை போட்டு, காத்து நல்லா ஓடுற மாதிரி வெங்காயத்தைச் சேத்து வைக்கிற இடம். எங்க தாத்தா காலத்து ஏற்பாடு. வெயில் இருக்கிற வரைக்கும் அருமையா தாங்கும். காத்துல ஈரம் ஏறிச்சுன்னா அதுக்கு மேல அதால முடியாது.

ஆடி கடைசியில பிரிச்சேன். 22 மூட்டை போச்சு. அதுல 8 மூட்டை அழுகினது. 14 மூட்டை முளைச்சது. மூட்டைக்கு 50 கிலோ. முளைச்சது மட்டும் 700 கிலோ. அன்னிக்கு எங்க பக்கத்து வியாபாரி கொடுத்த விலை கிலோ 40 ரூபாய். 28,000 ரூபாயை நானும் என் பெரியவனும் மண்வெட்டியில வாரி எருக்குழியில கொட்டினோம்.

அழுகின 8 மூட்டைக்கு காமா ஒண்ணும் செய்யாது, இப்பவே சொல்லிடறேன். அழுகலுக்கு நல்ல காய்ச்சலும் காத்தோட்டமும்தான் மருந்து. ஆனா முளைச்ச 14 மூட்டையைக் காப்பாத்தியிருக்கலாம். அது கனவு இல்லை. நாசிக் பக்கத்துல லாசல்காவ்னு ஒரு ஊர், நாட்டிலேயே பெரிய வெங்காயச் சந்தை. அங்க 2000-களோட தொடக்கத்துலயே வெங்காயத்துக்கு காமா கதிர் பாய்ச்சுற நிலையம் கட்டிட்டாங்க. வெங்காயம், உருளைக்கிழங்குக்குக் கதிர் பாய்ச்சலாம்னு நம்ம நாட்டுச் சட்டத்துல அனுமதி வந்தது 1994-ல. ஜப்பான்காரன் ஹொக்கைடோவுல 1974-லயே உருளைக்கிழங்குக்குப் பாய்ச்ச ஆரம்பிச்சுட்டான். அணுகுண்டு விழுந்த நாடு அது. கதிர்வீச்சுன்னா என்னன்னு அவனுக்கு யாரும் வாட்ஸ்அப்பில் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்ப அம்மா கதைக்கு வர்றேன்.

2012-ல எங்க அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வயசு 61. அரசு ஆஸ்பத்திரியிலதான் பார்த்தோம். "25 நாள் கரண்ட் வைக்கணும்"னு சொன்னாங்க. எங்க பக்கம் கதிர் சிகிச்சைக்குப் பேரே அதுதான், கரண்ட் வைக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும், அஞ்சு வாரம். காலையில 4 மணி பஸ்ஸைப் பிடிச்சா 8 மணிக்கு வரிசையில நிக்கலாம். மெஷினுக்குள்ள படுக்கிறது சில நிமிஷம். காத்திருக்கிறது அரை நாள்.

ஒருநாள் அங்க இருந்த டெக்னீசியன் தம்பிகிட்ட கேட்டேன், ஏன்பா இவ்வளவு நேரம் ஆகுதுன்னு. "உள்ள இருக்கிற கோபால்ட் பழசாயிடுச்சுண்ணா. 5 வருஷம் சொச்சத்துல அதோட வீரியம் பாதியாயிடும். முன்னே 2 நிமிஷம் வெச்சா போதும்னா, இப்ப 4 நிமிஷம் வைக்கணும். அதான் வரிசை நகரல"ன்னு சொன்னான். அன்னிக்குத்தான் எனக்கு கோபால்ட்-60ன்னா என்னன்னு தெரிஞ்சது. சாதா கோபால்ட் உலோகத்தை அணு உலைக்குள்ள வெச்சு எடுத்தா அது கோபால்ட்-60 ஆகும். அதிலிருந்து வர்றதுதான் காமா கதிர். 5.27 வருஷத்துக்கு ஒருதரம் வீரியம் பாதி.

அந்தத் தம்பி சொன்ன இன்னொரு கணக்குதான் இந்தப் பதிவோட உயிர். தயவுசெய்து மெதுவா படிங்க.

கதிர் எவ்வளவு பாய்ஞ்சதுன்னு அளக்கிற அளவுக்கு கிரே-னு பேர். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 2 கிரே. 25 நாளைக்கு 50 கிரே. முளைப்பை நிறுத்த வெங்காயத்துக்குப் பாய்ச்சுறது 60 முதல் 90 கிரே. நம்ம நாட்டு விதிப்படி 20-க்குக் குறையாம, 200-க்கு மிகாம இருக்கணும். அதாவது எங்க அம்மா வயித்துல பாய்ஞ்ச கதிரும், அந்த வீடியோவுல வந்த வெங்காயத்துல பாய்ஞ்ச கதிரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரே கதிர். ஒரே கோபால்ட்.

அம்மா தினமும் மெஷின்ல படுத்துட்டு, அதே பஸ்ல 40 பேரோட உக்காந்து வீடு திரும்பினாங்க. அன்னிக்கு ராத்திரி என் ரெண்டு வயசுப் பொண்ணைப் பக்கத்துல போட்டுத்தான் தூங்கினாங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் விட்டோம். "தாராளமா தூக்கிக் கொஞ்சட்டும், அவங்க உடம்புல கதிர் எதுவும் தங்காது"ன்னார். அந்தப் பொண்ணு இப்ப பத்தாவது தாண்டிட்டா. அம்மாவுக்கு 70 தாண்டிடுச்சு, இன்னும் களைக்கொத்தோட காட்டுல நிக்கிறாங்க.

ஊருக்குள்ள அப்ப பயம் இல்லாம இல்லை. கரண்ட் வெச்ச உடம்பு, தொட்டா ஒட்டிக்கும்னு சொல்லி ரெண்டு வீட்டுக்காரங்க எங்க வீட்டுல தண்ணி குடிக்கலை. அம்மாவுக்கு அது பெரிய மனக்கஷ்டம். ஆனா ஒரு வருஷம் பார்த்தாங்க, ஒண்ணும் ஒட்டலை, பயம் போயிடுச்சு. போன வாரம் இந்த வீடியோ விஷயத்தை அம்மாகிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு, "அன்னிக்கு என்னைக் கேட்டாங்க. இன்னிக்கு வெங்காயத்தைக் கேக்குறாங்களா?"ன்னாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச அம்மாவுக்குப் புரிஞ்சது, பட்டம் வாங்கின 11 பேருக்கு ஏன் புரியலை?

புரியாததுக்குக் காரணம் அந்தக் 'கதிர்'ங்கிற வார்த்தைதான்னு நினைக்கிறேன். எங்களுக்குக் கதிர்னா நெல்லுக்கதிர், கம்பங்கதிர். உங்களுக்குக் கதிர்னா அணு உலை. நடுவுல இருக்கிற விஷயத்தை யாரும் சொல்லித் தரலை.

காமா கதிர்ங்கிறது ஒளிக்குச் சொந்தக்காரன். வெயில், எக்ஸ்-ரே எல்லாம் ஒரே குடும்பம். இது அந்தக் குடும்பத்துல ரொம்ப முரட்டு ஆளு. சாக்கு, அட்டைப்பெட்டி, சதை எல்லாத்தையும் ஊடுருவிப் போயிடும். போற வழியில செல்லுக்குள்ள இருக்கிற மரபணு இழையை அறுத்துட்டுப் போகும். பெருகிக்கிட்டே இருக்கிற செல்லுக்குத்தான் அந்த அடி அதிகம். புற்றுக்கட்டி அப்படிப்பட்டது. வெங்காயத்தோட குருத்தும் அப்படிப்பட்டதுதான். ரெண்டும் வளர முடியாம நின்னு போகும். வேலை முடிஞ்சதும் கதிர் போயிடும். வெயில்ல காய வெச்ச மோர்மிளகாய் ராத்திரியில வெளிச்சம் அடிக்குதா? அடிக்காதுல்ல. அதே மாதிரிதான். கோபால்ட்-60ல இருந்து வர்ற காமாவுக்கு, தான் பட்ட பொருளையே கதிர் வீசுற பொருளா மாத்துற அளவுக்குச் சக்தி கிடையாது. கோபால்ட் வெங்காயத்தைத் தொடுறதும் இல்லை. அது எஃகுக் குழாய்க்குள்ள அடைச்சிருக்கும். வெங்காயம் அதுக்கு முன்னாடி போயிட்டு வெளியில வரும், அவ்வளவுதான்.

அந்த வீடியோவுல காட்டின கறுத்த குருத்து? அது உண்மைதான். வளராம நின்னுபோன குருத்து நாளாக நாளாகக் கொஞ்சம் கறுக்கும். அது விஷம் இல்லை, செத்த முளை. நறுக்கும்போது எடுத்துப் போட்டா போச்சு.

சரி, இப்ப உங்க வீட்டுக்கு வருவோம்.

உங்க குழந்தைக்குத் தடுப்பூசி போடுறப்ப ஒருதரம் பயன்படுத்தித் தூக்கிப்போடுற சிரிஞ்சு வாங்குறீங்கல்ல? அந்த மாதிரி மருத்துவப் பொருள்ல கணிசமான பங்கு, பெட்டியை மூடி ஒட்டினதுக்கு அப்புறம் காமா பாய்ச்சிச் சுத்தம் பண்ணினது. வழக்கமான அளவு 25,000 கிரே. வெங்காயத்தை விட 300 மடங்கு. டிராம்பேல இதுக்குன்னு நிலையம் 1974-லயே ஆரம்பிச்சாச்சு. ஆபரேஷன் கையுறை, தையல் நூல், காயத்துக் கட்டுத்துணின்னு பல பொருளுக்கு இதே வழிதான். சூட்டைத் தாங்காத பிளாஸ்டிக்கையும் இப்படிச் சூடு இல்லாமலே சுத்தம் பண்ணிடலாம். எந்த அப்பார்ட்மென்ட் குழுவிலயாவது "காமா சிரிஞ்சு வேண்டாம், புறக்கணிப்போம்"னு வீடியோ பார்த்திருக்கீங்களா?

அமெரிக்காவுல இருக்கிற உங்க அண்ணன், தம்பி இந்திய மாம்பழம் கிடைக்குதேன்னு போட்டோ போடுறாங்க. பல வருஷம் அங்க நம்ம மாம்பழத்துக்குக் கதவு மூடியே கிடந்துச்சு. 2007-ல திறந்தது எப்படி? குறைஞ்சது 400 கிரே காமா பாய்ச்சி, கொட்டைக்குள்ள இருக்கிற வண்டு உயிரோட வராதுன்னு உறுதி கொடுத்தப்புறம்தான். முதல் பெட்டிகள் போனதும் அதே லாசல்காவ் நிலையத்திலிருந்துதான். அந்த மாம்பழத்தை யாரும் விஷம்னு சொல்லலை. டப்பாவுல 'இந்தியா'ன்னு பார்த்ததும் கண்ணுல தண்ணி வந்துச்சு.

மூளைக் கட்டிக்குக் கத்தி வைக்காமலே செய்யற 'காமா நைஃப்' சிகிச்சை, அதுவும் இதே கோபால்ட். நூத்துக்கணக்கான மெல்லிசு கதிரை ஒரே புள்ளியில குவிக்கிறாங்க. எண்ணெய்க் குழாய், கேஸ் குழாய், பாய்லர் இதிலெல்லாம் வெல்டிங் சரியா ஒட்டியிருக்கான்னு காமா வெச்சுப் படம் எடுத்துத்தான் பார்க்கிறாங்க.

இப்ப சொல்லுங்க. உங்க உயிரைக் காப்பாத்தினா அது அறிவியல். உங்க மாம்பழத்தைக் கடல் தாண்டி அனுப்பினா அது பெருமை. என்னோட 14 மூட்டை வெங்காயத்தைக் காப்பாத்தினா மட்டும் அது அணு விஷமா? எனக்கு இது பயமாத் தெரியலைங்க. யாரோட நஷ்டத்துல நம்ம பயத்தை வெச்சுக்கலாம்னு பார்த்து வெச்சுக்கிட்ட பயமாத் தெரியுது. பயம் உங்களோடது. அதுக்கு வட்டி கட்டுறது நான்.

"இயற்கையா இருக்கணும் அண்ணா, அவ்வளவுதான்"னு சொல்வீங்க. இயற்கைன்னா என்ன? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்ல தோரியம் இருக்கு. காலங்காலமா அது காமா வீசிக்கிட்டேதான் இருக்கு. அது சுத்த இயற்கை. வெங்காயம் முளைக்காம இருக்க வயல்ல அறுவடைக்கு முன்னே தெளிக்கிற மருந்து இருக்கு. பருப்புல வண்டு விழாம இருக்க குடோன்ல அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுப் புகை மூட்டுறாங்க. அந்த மாத்திரை எங்க ஊர்ல எத்தனை வீட்டு அடுப்பை அணைச்சிருக்குன்னு எங்களுக்குத் தெரியும். மசாலாப் பொருள்ல கிருமி போக எத்திலீன் ஆக்சைடுன்னு ஒரு வாயு. 2020-ல நம்ம நாட்டு எள்ளுல அந்த வாயு மிச்சம் இருந்துச்சுன்னு ஐரோப்பா முழுக்கத் திருப்பி எடுத்தாங்க. 2024-ல ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம்ம மசாலாவைத் திருப்பி எடுத்தது அதுக்காகத்தான். அது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு வகைப்படுத்தினது. அதே மசாலாவுக்கு 6,000 முதல் 14,000 கிரே காமா பாய்ச்சலாம்னு நம்ம நாட்டுலயே விதி இருக்கு. மிச்சம் மீதி எதுவும் தங்காது. எது உங்க சாம்பார்ல இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

விதையிலயும் இது இருக்கு. காமா பாய்ச்சின விதைகளை விதைச்சு, லட்சத்துல ஒண்ணா நல்லபடியா மாறி வர்ற செடியைத் தேடிப் பிடிச்சு, அதைப் பெருக்கி ரகம் ஆக்குறது ஒரு முறை. ஜப்பானோட ரெய்மேய் நெல் (1966), கலிபோர்னியாவோட கால்ரோஸ் 76 நெல் (1976) ரெண்டும் அப்படி வந்த குட்டை ரகங்கள். உலகம் முழுக்க 3,000-க்கு மேல ரகங்கள் இந்த மாதிரி திடீர் மாற்றத்தைத் தூண்டி எடுத்தது. மகாராஷ்டிராவுல வருஷக்கணக்கா வயலை நிறைச்ச டி.ஏ.யு. 1 உளுந்துக்கு ஒரு பக்கத்துத் தாய்வழி காமா பட்ட செடிதான். நம்ம இட்லி மாவுக்கு வடக்கேயிருந்து உளுந்து வர்றது உங்களுக்குத் தெரியுமே.

ஆடு மாடு வெச்சிருக்கிறவனுக்கு இன்னொரு கதை சொன்னா உடனே புரியும். மாட்டுப் புண்ணுல ஈ மொய்ச்சு புழு வைக்கிற கொடுமையைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்காக் கண்டத்துல உயிர்ச்சதையையே தின்னுற ஒரு ஈ உண்டு. அதோட பொட்டை ஈ வாழ்நாள்ல ஒரே ஒருதரம்தான் சேரும். இதைக் கவனிச்ச அறிவியல்காரங்க, ஆண் ஈக்களைக் கூட்டுப்புழுவா இருக்கும்போதே காமா பாய்ச்சி மலடாக்கி, வானத்துலேருந்து கோடிக்கணக்குல பறக்க விட்டாங்க. பொட்டை ஈ அதோட சேர்ந்து முட்டையிடும், முட்டை பொரியாது. 1954-ல குராசோ தீவுல அந்த ஈ வம்சமே ஒழிஞ்சுபோச்சு. லிபியாவுக்குள்ள அது நுழைஞ்சப்ப 1990-களோட தொடக்கத்துல அங்கயும் இதே வழியில ஒழிச்சாங்க. ஒரு சொட்டு பூச்சிமருந்து மண்ணுல விழாம ஒரு பூச்சியை ஒழிக்கிறதை விட இயற்கை விவசாயிக்கு வேற என்ன வேணும்?

இதுக்கெல்லாம் மறுப்பே இல்லையான்னா, இருக்கு. நியாயமான மறுப்புகள் இருக்கு. அதை ஒளிச்சு வெச்சுட்டு எழுதினா நானும் அந்த வீடியோக்காரனும் ஒண்ணு.

முதலாவது, காமா ஆபத்தே இல்லாத பொருள்னு நான் சொல்லலை. உடம்பு முழுக்க ஒரே நேரத்துல 4, 5 கிரே பட்டா, வைத்தியம் இல்லாத மனுஷங்கள்ல பாதிப்பேர் பிழைக்க மாட்டாங்க. 2010-ல டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துல சும்மா கிடந்த காமா கருவியை ஏலத்துல எடுத்து உடைச்சாங்க. உள்ள கோபால்ட் இருக்கிறது உடைச்சவங்களுக்குத் தெரியாது. ஒரு தொழிலாளி செத்தார், பல பேர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. பிரேசில்ல கோயானியாங்கிற ஊர்ல 1987-ல, கைவிட்டுப்போன சிகிச்சைக் கருவியிலேருந்து எடுத்த சீசியம் தூளு நீலமா மின்னுதேன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. 4 பேர் செத்தாங்க, அதுல ஒண்ணு சின்னப் பொண்ணு. கவனிச்சுப் பாருங்க. செத்தது கதிர் பாய்ச்சின பொருளைச் சாப்பிட்டவங்க இல்லை. யாரும் கணக்கு வெச்சுக்காத கருவியைத் தெரியாம உடைச்ச ஏழைங்க. உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. கோபால்ட் எங்க இருக்கு, யார் பொறுப்பு, வீரியம் தீர்ந்தா எங்க போகுதுன்னு கேளுங்க. நானும் கூட வந்து கேக்குறேன்.

ரெண்டாவது, கெட்டுப்போனதை நல்லதாக் காட்ட இதைப் பயன்படுத்துவாங்களேன்னு கேக்குறாங்க. அழுகினதை அது நல்லதாக்காது. பூஞ்சை பிடிச்ச கடலையில ஏற்கெனவே ஊறின நஞ்சு காமாவுல போகாது. வைட்டமின் கொஞ்சம் குறையும், குறிப்பா பி1. அதிக அளவு பாய்ச்சினாத்தான் அதுவும் தெரியும், சமைக்கிறப்ப போறதும் உண்டு. 10,000 கிரே வரைக்கும் பாய்ச்சின உணவால நஞ்சுக் கெடுதல் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 1980-லயே சொல்லிடுச்சு.

மூணாவது, அணு உலைக்கு நான் வக்காலத்து வாங்கலை. கூடங்குளத்துக்காரங்க கேட்ட கேள்விங்க வேற, அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க வேற. கோபால்ட் அணு உலையிலதான் பிறக்குதுங்கிறது உண்மை. அதை மறைக்கலை. ஆனா உலையைப் பத்திச் சண்டை போடுறதுக்கும் சிரிஞ்சைப் பத்திப் பொய் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு.

நாலாவது மறுப்பு எங்க ஊர்லயே வந்தது. அதுதான் எனக்குப் பெருசாப் படுது. டீக்கடையில ஒரு பெரியப்பா கேட்டார்: "நீ சொல்ற மெஷின் வந்தா யாருடா லாபம் பார்ப்பான்? கோடி ரூபா வெச்சிருக்கிறவன் கட்டுவான். மாசியில நம்மகிட்ட அடிமாட்டு விலைக்கு வாங்கி, கதிர் பாய்ச்சிப் பதுக்கி, ஐப்பசியில நாலு மடங்குக்கு விப்பான். இப்ப நம்ம வெங்காயம் முளைக்குது. அவனுதும் முளைக்குது. நாளைக்கு நம்மளுது மட்டும் முளைக்கும்."

இதுக்கு எங்கிட்ட பாதிப் பதில்தான் இருக்கு. அவர் சொல்றது நடக்கும், நாம சும்மா இருந்தா. அதனாலதான் இது உழவர் கூட்டுறவோட கையில, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தோட கையில இருக்கணும்னு சொல்றேன். வாடகைக்குக் கதிர் பாய்ச்சித் தர்ற இடமா இருக்கணும், நெல்லு அரைக்கிற மில்லு மாதிரி. பக்கத்துலயும் இருக்கணும். ஏன்னா பிடுங்கிக் காய வெச்ச ரெண்டு மூணு வாரத்துக்குள்ள, குருத்து உறக்கத்துல இருக்கும்போதே பாய்ச்சிடணும். முளை கிளம்பினப்புறம் பாய்ச்சி ஒண்ணும் ஆகாது. ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிப் போற தூரத்துல நிலையம் இருந்தா அது வியாபாரிக்குத்தான் ஆகும், எனக்கு ஆகாது.

இன்னொண்ணும் நாங்களே கவனிக்கணும். சின்ன வெங்காயத்துக்கு வெங்காயமேதான் விதை. கதிர் பாய்ச்சினது முளைக்காது. விதை வெங்காயத்தைத் தனியா எடுத்து வைக்காம எல்லாத்தையும் கொண்டுபோய் பாய்ச்சிட்டா அடுத்த பட்டத்துக்குக் கையை விரிக்க வேண்டியதுதான். அதனாலதான் அந்த அம்மாவுக்கு "விக்கிற வெங்காயத்துக்கு"ன்னு பார்த்து எழுதினேன்.

2024 மத்திய பட்ஜெட்டுல நாடு முழுக்க 50 உணவுக் கதிர்வீச்சு நிலையங்களுக்கு நிதி உதவின்னு அறிவிச்சாங்க. நல்ல செய்தி. அந்த 50 எங்க வரப்போகுது? துறைமுகம் பக்கத்துல, ஏற்றுமதிக்காரன் குடோன் பக்கத்துலயா? இல்லை வெங்காயம் முளைக்கிற ஊர்லயா? இந்தக் கேள்வியை நான் கேட்டா மனு. நகரத்துல இருந்து நீங்க கேட்டா செய்தி. ஆனா நீங்க வெங்காயத்தைப் பார்த்தே பயந்து ஓடினா, கேக்குறதுக்கு யாரு இருக்கா? வாங்க ஆளில்லாத பொருளுக்கு எந்தக் கூட்டுறவு பணம் போடும்?

அதே மாதிரி ஆஸ்பத்திரிக் கோபால்ட். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950-களிலயே கோபால்ட் கருவி வந்துடுச்சு. கனடாவுல முதல் நோயாளிக்கு வெச்சதே 1951-லதான். அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிச்ச ஊர் நம்ம ஊர். ஆனா 2012-ல எங்க அம்மா, வீரியம் பாதியான கோபால்ட்டுக்கு முன்னாடி அரை நாள் வரிசையில நின்னாங்க. காமா கூடுதலா இருந்து எங்க ஊர்ல யாரும் சாகலை. காமா கிடைக்காம, தேதி கிடைக்காம, பாதியில வரிசையை விட்டுட்டு வந்து செத்தவங்களை எனக்குத் தெரியும். அம்மாவோட அதே பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு அக்கா, பதினோராவது நாளோட வர்றதை நிறுத்திட்டாங்க. கூலிக்குப் போகாம அஞ்சு வாரம் ஓட்ட முடியலை. அடுத்த பொங்கலுக்கு அவங்க இல்லை.

11 பேருக்கு நான் சொல்றது இவ்வளவுதான். என் வெங்காயத்தை வாங்கினாலும் சரி, வாங்காட்டாலும் சரி. நாளைக்குக் கடையில 'கதிர்வீச்சால் பதப்படுத்தப்பட்டது'ங்கிற எழுத்தும், வட்டத்துக்குள்ள செடி மாதிரி பச்சை முத்திரையும் இருக்கிற பொருளைப் பார்த்தீங்கன்னா, அந்த முத்திரை போடணும்னு சட்டம் இருக்குங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒளிச்சு விக்கிறவன் அப்படி முத்திரை குத்த மாட்டான். தேதியைப் பாருங்க, கேள்வி கேளுங்க, வாங்குறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா தெரியாததை விஷம்னு சொல்லி நூறு பேருக்கு அனுப்பாதீங்க. நீங்க ஒரு விரலால தள்ளிவிடுற அந்த வீடியோ, இங்க ஒருத்தன் பட்டறையில மூட்டையா அழுகும்.

குழுவுல மிச்சம் இருக்கிற 32 பேருக்கு: இந்த வாரம் கடலை அனுப்புறேன், வெங்காயம் குறைவாத்தான் இருக்கு. காரணம் மேல எழுதியிருக்கேன்.

போனவங்க திரும்பி வர நினைச்சா நம்பர் அதேதான். மும்முனை கரண்ட் வந்துடுச்சு, மோட்டார் போடப் போகணும். அம்மா வேற வரப்புல நின்னு கூப்பிடுறாங்க.